சிறிய பேழையில் பெரிய இயங்குதளம்

ஊராட்சிக் காரியாலயம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம், நூலகம் ஆகிய எல்லா இடங்களிலும் கணிப்பொறி இன்று இன்றியமையாத சாதனமாகிவிட்டது. வரி ரசீதும், சம்பளப் பட்டியலும், மாணவர் பதிவும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆனால் கிராமங்களில் உள்ள கணிப்பொறிகள் எல்லாம் புதியவை அல்ல. வாங்கிப் பல ஆண்டுகளான பொறிகளும் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் இயங்கிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், 4 ஜி.பி. நினைவகத்தையும், 64 ஜி.பி. சேமிப்பிடத்தையும் குறைந்தபட்சத் தேவைகளாக விதிக்கிறது. பழைய பொறிகள் பலவற்றிடம் இவை இல்லை.

ஆகவே பொறியைக் கழித்துவிடுவதா, அல்லது லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவி அதன் ஆயுளை நீட்டிப்பதா என்ற கேள்வி எழுகிறது. நல்ல நிலையில் உள்ள பொறியைக் கழிப்பது ஊர்ப் பணத்தை வீணாக்குவதாகும். நிறுவலாம் என்று முடிவு செய்தவுடன் எதிர்ப்படும் முதல் தடை பெரும்பாலும் இடப் பற்றாக்குறையே. கையில் இருப்பது 4 ஜி.பி. பென் டிரைவ், நிறுவ வேண்டிய தொகுப்போ 5 ஜி.பி.க்கு மேல். புதிய பென் டிரைவ் வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்பது உண்மையே. வாங்க இயலுமாயின் அதுவே நேர்வழி. ஆயினும் இருப்பதைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டிய சமயங்கள் உண்டு. பென் டிரைவ் பெரிதாக இருந்தும் தொகுப்பு அதில் ஏற மறுக்கும் சமயங்களும் உண்டு. ஆகையால் நிறுவல் தொகுப்பு ஒன்று எவ்வாறு சுருக்கப்படுகிறது, அதில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இடப் பற்றாக்குறை புதிதன்று

இந்தப் பிரச்சினை கணிப்பொறி தோன்றிய நாளிலிருந்தே உடன் வருவது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, குறுந்தகடு ஓட்டும் வசதியில்லாதவர்களுக்காக அதன் மேம்பாட்டுப் பதிப்பு 13 நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்டது. சாதாரண நெகிழ்வட்டு 1.44 எம்.பி. கொள்ளும். அதன் ஒவ்வொரு தடத்திலும் 18 பிரிவுகள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அவற்றை 21 பிரிவுகளாக நெருக்கி, வட்டு ஒன்றில் 1.68 எம்.பி. வரை அடக்கியது. பாத்தியின் பரப்பைக் கூட்டாமல் வரிசைகளை நெருக்கி நடுவது போன்ற உபாயம் இது.

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டார். 700 எம்.பி. கொள்ளும் ஒரே குறுந்தகட்டில் ஏறக்குறைய 2 ஜி.பி. அளவுள்ள மென்பொருள்களை அவர் இறுக்கி வைத்தார். தகட்டிலிருந்தே கணிப்பொறி இயங்கியது. வேண்டிய பகுதி வேண்டிய நேரத்தில் விரிந்து கொடுத்தது. உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பும் 2004 முதல் பல ஆண்டுகள் ஒரே குறுந்தகட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற நியதியைக் காத்துவந்தது. 2012 அக்டோபரில் வெளிவந்த 12.10 பதிப்பில் அந்நியதி கைவிடப்பட்டு, அளவு 800 எம்.பி. ஆயிற்று. 2024-இல் வெளிவந்த 24.04 பதிப்போ 5 ஜி.பி.யைத் தாண்டியது. பேழை பெரிதாகப் பெரிதாகப் பொருளும் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் அளவை அறிக

சுருக்கத் தொடங்குமுன், குறைவது எது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். குறை இரு வகைப்படும். மொத்த இடம் போதாமை ஒன்று. ஒரு தனிக் கோப்பு மட்டும் வரம்பை மீறுதல் மற்றொன்று. இரண்டிற்கும் மருந்து வேறு வேறு.

மொத்த இடத்தைக் கணக்கிடும்போது ஒரு விஷயத்தை நினைவிற் கொள்ள வேண்டும். பென் டிரைவ் செய்வோர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டு எனக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் போன்ற இயங்குதளங்களோ 1024-ஐ அடிப்படையாகக் கொண்டு அளக்கின்றன. எனவே 4 ஜி.பி. என்று அச்சிடப்பட்ட பென் டிரைவ், திரையில் 3.72 ஜி.பி. என்றே தோன்றும். 4.7 ஜி.பி. என்னும் டி.வி.டி. தகடு 4.38 ஜி.பி. என்று தோன்றும். இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. படிக்கணக்கு வேறு, அவ்வளவே. ஐயமெழுந்தால் இரண்டையும் பைட்டு எண்ணிக்கையிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம்.

இனித் தனிக் கோப்பின் வரம்பு. யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் இக்காலக் கணிப்பொறிகள் பென் டிரைவிலிருந்து இயக்கத்தைத் தொடங்க, அது ஃபாட்-32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பதையே பொதுவாக எதிர்பார்க்கின்றன. ஃபாட்-32 முறையிலோ எந்த ஒரு கோப்பும் 4,294,967,295 பைட்டுக்கு மேற்படக்கூடாது. விண்டோஸ் தொகுப்பின் பெரும்பகுதி ‘இன்ஸ்டால்’ என்ற பெயருள்ள ஒரே விம் கோப்பில் அடங்கியிருக்கிறது. அக்கோப்பு இவ்வரம்பைத் தாண்டிவிட்டால், பென் டிரைவ் 32 ஜி.பி. கொண்டதாக இருப்பினும் நகல் நின்றுவிடும். பென் டிரைவ் பழுது என்று பலர் அதை ஒதுக்கிவிடுவதற்குக் காரணம் இதுவே.

நான்கு வழிகள்

ஒரு தொகுப்பைச் சிறு சாதனத்தில் அடக்க நான்கு வழிகள் உள்ளன: பகுத்தல், இறுக்குதல், களைதல், பின்னர் வருவித்தல். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. பகுத்தல்: பெரிய கோப்பைப் பல பகுதிகளாக்குவது இது. விண்டோஸில் உள்ள டிஸ்ம் என்ற கருவி, விம் கோப்பைக் குறித்த அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். துண்டு ஒன்றுக்கு 3,800 எம்.பி. என்று வைத்தால் ஃபாட்-32 வரம்புக்குள் அடங்கும். துண்டுகளை மூலக்கோப்பு இருந்த ‘சோர்சஸ்’ அடைவிலேயே வைத்துவிட்டால், நிறுவி தானே அவற்றைக் கண்டுகொண்டு வரிசையாகப் படித்துக்கொள்ளும். லினக்ஸ் உள்ளவர்கள் விம்லிப் என்ற இலவசக் கருவியால் இதையே செய்யலாம். பகுத்தலால் எதுவும் இழக்கப்படுவதில்லை என்பது இதன் சிறப்பு. மொத்த அளவு குறையாது என்பது இதன் எல்லை. தனிக் கோப்பு வரம்பு மட்டுமே தடையாயின் இதுவே போதும். வேறெதையும் தொட வேண்டியதில்லை.

2. இறுக்குதல்: தளர்ந்த பஞ்சை அழுத்திப் பொதியாகக் கட்டுவது போலக் கோப்பில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் குறியீடுகளாக மாற்றி அளவைக் குறைப்பது இறுக்குதலாகும். விரித்தெடுக்கும்போது ஓர் எழுத்தும் மாறாமல் பழைய வடிவம் கிடைத்துவிடும். விம் கோப்பில் பொதுவாகப் பயன்படும் இறுக்கத்தைக் காட்டிலும் கடுமையான இறுக்கமுடையது இ.எஸ்.டி. என்ற வடிவம். டிஸ்ம் கருவியைக் கொண்டே விம் கோப்பை இ.எஸ்.டி.யாக மாற்றலாம், அளவு கணிசமாகக் குறையும். ஆனால் மாற்றும் வேலைக்கு வலுவான பொறியும் நெடுநேரமும் தேவை. மேலும் இவ்வாறு ஒரே திரளாக இறுக்கிய கோப்பைப் பின்னர்ப் பகுத்தல் இயலாது. ஆகவே பகுப்பதா, இறுக்குவதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் உலகில் இவ்வேலையைச் செய்வது ஸ்குவாஷ்-எஃப்.எஸ். என்ற அமைப்பு. 2009-இல் லினக்ஸ் கருவோடு சேர்க்கப்பட்ட இது, முழு இயங்குதளத்தையும் படிக்க மட்டுமே இயலும் ஒரே இறுக்கப் பொதியாக்குகிறது. இதில் பல வகை இறுக்கங்களைத் தேர்ந்துகொள்ளலாம். எக்ஸ்.இசட். என்பது அதிகமாகச் சுருக்கும். விரிக்கக் காலம் கொள்ளும். இசட்-ஸ்டாண்டர்ட் என்பது சற்றுக் குறைவாகச் சுருக்கும். வெகு விரைவில் விரியும். பழைய பொறிக்கு எக்ஸ்.இசட். இறுக்கத்தில் கொடுத்தால் இடம் மிஞ்சும்; ஆனால் பொறி திணறும். இடத்தில் சேமித்ததை நேரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது இறுக்குதலின் பொதுவிதி.

ஏற்கெனவே இறுக்கப்பட்டவை மீண்டும் இறுகமாட்டா என்பதையும் அறிக. நிழற்படங்களும், பாட்டுக் கோப்புகளும், ஒளிக்காட்சிகளும் பிறக்கும்போதே சுருங்கிப் பிறந்தவை. கட்டிய பொதியை மறுபடியும் அழுத்துவதால் பயனில்லை.

3. களைதல்: வேண்டாதவற்றை நீக்குவது களைதல். பயிரோடு சேர்த்துப் பிடுங்கும் அபாயம் இதில்தான் உண்டு. ஆகையால் இதில்தான் அதிக எச்சரிக்கை தேவை.

விண்டோஸ் தொகுப்பில் ஹோம், புரோ முதலிய பல பதிப்புகள் ஒரே விம் கோப்பில் உள்ளன. ஆறு பதிப்புகளில் ஐந்தை நீக்கினால் அளவு ஆறில் ஒன்றாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. விம் கோப்பு, எத்தனை பதிப்புகளில் வந்தாலும் ஒரே உள்ளடக்கமுள்ள கோப்பை ஒரு முறைதான் சேமிக்கிறது. பொதுச்சுவர்களைக் கொண்ட வரிசை வீடுகளைப் போன்றவை இப்பதிப்புகள். ஒரு வீட்டை நீக்கினாலும் சுவர் நின்றே ஆகவேண்டும். எனவே பதிப்புகளை நீக்குவதால் கிடைக்கும் இடம் எதிர்பார்ப்பதைவிடச் சிறிதே. அன்றியும், நீக்குக என்று மட்டும் கட்டளையிட்டால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். கோப்பின் அளவு குறையாது. வேண்டிய பதிப்பை மட்டும் புதிய விம் கோப்பாக ஏற்றுமதி செய்தால்தான் இடம் மீளும்.

லினக்ஸ் தொகுப்பில் களைய இடம் அதிகம். விளையாட்டுகள், பயன்படாத மொழிகளின் கோப்புகள், உதவி நூல்கள், காரியாலயத்திற்குத் தேவையற்ற மென்பொருள்கள் ஆகியவற்றை நீக்கலாம். அவற்றைப் பின்னர் வேண்டும்போது சேர்த்துக்கொள்ளவும் இயலும்.

4. பின்னர் வருவித்தல்: எல்லாவற்றையும் சுமந்து செல்லாமல், தொடக்கத்திற்கு வேண்டியதை மட்டும் கொண்டு சென்று, மற்றவற்றை இணையத்தின் வழி வருவித்துக்கொள்ளுதல் நான்காம் வழி. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் நெட்-இன்ஸ்ட் தொகுப்பு இவ்வகையினது. இது ஒரு ஜி.பி.க்கும் குறைந்தது, பழைய சிறு பென் டிரைவிலும் தாராளமாக அடங்கும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே என்பதை இங்கே குறிப்பிடலாம்.

ஆனால் இவ்வழியில் பென் டிரைவில் குறைந்த சுமை இணையத்தின்மேல் ஏறுகிறது. இணைப்பு மெதுவாக உள்ள ஊரில் ஒரு ஜி.பி.க்கு மேல் இறக்க நேர்ந்தால் ஒரு பகல் கழிந்துவிடும். இணைப்பு வலுவற்ற இடத்திற்கு டெபியனின் முதல் டி.வி.டி. தொகுப்பு பொருத்தமானது. பலரும் அதிகமாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் முதல் தகட்டிலேயே அமையும்படி அது வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. எனவே அந்த ஒரு தகட்டைக் கொண்டே, இணையமின்றி, சாதாரணக் காரியாலய வேலைக்குரிய ஏற்பாடு முழுவதையும் செய்துகொள்ளலாம்.

ஒன்றியத்தில் பத்துப் பொறிகளுக்கு நிறுவ வேண்டியிருந்தால் இன்னோர் உபாயமும் உண்டு. ஒரு பொறியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இலவச மென்பொருளை அமைத்தால், முதற் பொறிக்காக இறக்கிய பொதிகளை அது சேமித்து வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பது பொறிகளுக்கும் உள்ளிணைப்பிலேயே வழங்கும். ஊர்ப் பொதுக்குளம் போல, ஒரு முறை நிரப்பியது பலருக்குப் பயன்படும்.

களையக்கூடாதவை

அளவைக் குறைக்கும் ஆர்வத்தில் முதலில் பலியாவது எழுத்துருக்களும் மொழிக் கோப்புகளும்தாம். பிற நாட்டார் தம் தேவைக்குச் சுருக்கிய தொகுப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாமற் போவது வியப்பன்று. அத்தகைய பொறியில் ஊராட்சித் தீர்மானத்தைத் திறந்தால், எழுத்துகளுக்குப் பதில் வெறுங்கட்டங்களே வரிசையாகத் தோன்றும். லோகித் தமிழ் எழுத்துரு ஒரு எம்.பி.யைவிடச் சிறியது. இதை நீக்கிச் சேமிக்கும் இடம் பெயரளவே. இழப்போ முழுக் காரியாலயப் பயன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்-99 விசைப்பலகை முறைக்கான கோப்பும் அவ்வாறே சிறியது, காக்க வேண்டியது.

இரண்டாவது, வன்பொருள்களுக்குரிய ஃபர்ம்வேர் கோப்புகள். இவை பெரியவை என்பதால் கத்தி முதலில் இவற்றின்மேல் பாய்கிறது. ஆனால் கம்பியில்லா இணைப்புச் சாதனங்கள் பல, தமக்குரிய ஃபர்ம்வேர் இல்லாமல் இயங்கா. இணையத்தின் வழி மற்றவற்றை வருவிக்கலாம் என்று எண்ணி, அந்த இணையத்தைத் தரும் கோப்பையே நீக்கிவிட்டால், கயிற்றை வெட்டிவிட்டுக் கிணற்றில் நீர் இறைக்க முற்பட்ட கதையாகும். டெபியன் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பு முதல் இக்கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறது. அளவு சற்றுக் கூடினாலும் அது நன்மையே.

மூன்றாவது, பாதுகாப்பு மேம்பாடுகளைப் பெற்றுத் தரும் பகுதி. இதை நீக்கினால் பொறி அன்றைக்கு வேகமாக ஓடும். பின்னர்க் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் ஒவ்வொன்றும் அதில் திறந்தே கிடக்கும்.

நான்காவது, தொடக்கக் கோப்புகள். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி உள்ள பொறிகள், தொடக்கக் கோப்புகளில் உரிய கையொப்பம் இருந்தால்தான் இயங்கத் தொடங்கும். அவற்றில் கை வைத்தால் கையொப்பம் கெடும். பொறி தொகுப்பை ஏற்க மறுக்கும்.

பிறர் சுருக்கியதை ஏற்கலாமா?

‘மிகச் சிறிய விண்டோஸ்’, ‘அதிவேகப் பதிப்பு’ என்ற பெயர்களில் யாரோ சுருக்கிய தொகுப்புகள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அளவு பாதியாயிருப்பது கண்டு பலர் மயங்குகின்றனர். எதைக் களைந்தார், எதைச் சேர்த்தார் என்பதைச் சுருக்கியவர் ஒருவரே அறிவார். ஒரு வரியும் வெளியில் தெரியாமல் கடவுச்சொற்களைத் திருடும் நிரலை அதில் நுழைத்துவிட இயலும். ஊராட்சிப் பொறியில் இருப்பது நம் சொந்தச் சொத்தன்று. குடும்பங்களின் பெயரும், ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும், வரிக் கணக்கும் அதில் உள்ளன. முத்திரையுடைந்த பூச்சிமருந்துப் புட்டியை விலை குறைவென்று எந்த உழவரும் வாங்கமாட்டார். இங்கும் அதே விதியே பொருந்தும். அன்றியும் விண்டோஸ் உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டியது. அதை மாற்றி மறுவிநியோகம் செய்ய உரிமை எவருக்கும் கொடுக்கப்படவில்லை. இலவச லினக்ஸ் பதிப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்குத் தடையில்லை. ஆயினும் அவற்றையும் உரிய தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

செய்முறை வரிசை

வேலையை மேற்கொள்ளும் ஊராட்சிச் செயலாளர்களும் ஆசிரியர்களும் பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது: பொறியில் உள்ள பதிவுகள் அனைத்தையும் வேறொரு சாதனத்தில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்று சோதித்துக்கொள்க. இது முடியும்வரை வேறெதையும் தொடவேண்டாம்.

இரண்டாவது: பொறி 64 பிட் வகையா, 32 பிட் வகையா என்று அறிக. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. இதை அறியாமல் இறக்கினால் உழைப்பு வீணாகும்.

மூன்றாவது: தொகுப்பை வெளியீட்டாளரின் தளத்திலிருந்து இறக்கி, அங்குக் கொடுக்கப்பட்டுள்ள ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுக. ஓர் எழுத்து வேறுபட்டாலும் அத்தொகுப்பை நீக்கிவிடுக. சுருக்கிய பின் இவ்வெண் மாறிவிடும். எனவே ஒப்பீட்டைச் சுருக்குவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

நான்காவது: தடை மொத்த இடமா, தனிக் கோப்பா என்று பார்க்க. தனிக் கோப்பாயின் பகுத்துவிடுக. அல்லது ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவை இரு பிரிவாக்கி, தொடங்குவதற்குச் சிறு ஃபாட் பிரிவும், பெரிய கோப்புக்கு என்.டி.எஃப்.எஸ். பிரிவும் அமைத்துக்கொள்க.

ஐந்தாவது: மொத்த இடமே குறைவாயின், முதலில் இறுக்குக, அதன் பின்னும் போதாவிடில் நெட்-இன்ஸ்ட் போன்ற சிறு தொகுப்பை நாடுக. களைதலை இறுதியாகவே மேற்கொள்க. களைந்தவை எவை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தல் அவசியம். அடுத்து வருபவருக்கு அத்தாளே வழிகாட்டி.

ஆறாவது: சுருக்கிய தொகுப்பை ஒரே ஒரு பொறியில் நிறுவிப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, இணையத்தில் நுழைந்து, மேம்பாடு வருகிறதா என்று கண்ட பின்பே மற்றப் பொறிகளுக்குச் செல்லலாம்.

பகுத்தலாலும் இறுக்குதலாலும் இயங்குதளத்திற்கு எக்குறையும் நேராது. வருவித்தலுக்கு விலை காலம். களைதலுக்கோ விலை பயன். அதைக் கொடுக்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு 4 ஜி.பி. பென் டிரைவும் ஒரு பழுதற்ற டி.வி.டி. தகடும் போதுமான கருவிகளே. கழிவறைக்குப் போகவிருந்த ஒரு பொறி மீண்டும் பள்ளி மாணவர் கைக்கு வருமாயின், அது ஊருக்குக் கிடைத்த புதுப்பொறிக்கு நிகராகும். தத்தம் ஊராட்சியிலும் பள்ளியிலும் மூலையில் கிடக்கும் கணிப்பொறிகளைக் கணக்கெடுத்து, அவற்றுள் உயிருள்ளவற்றை மீட்கும் பணியில் செயலாளர்களும், ஆசிரியர்களும், கணினி பயின்ற இளைஞர்களும் ஒருங்கே ஈடுபடுவார்கள் என்று நம்புகிறோம்.